தரிசுக்காரி

என் தம்பி மனைவியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'தரிசுக்காரி' என்பார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அப்புறம் ஒரு நாள், அவள் வேலை பார்க்கும் பால் நிலையத்துக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் அவளே, "தரிசுக்காரி வீடு எதுன்னு கேளுங்க, சொல்லுவாங்க" என்று வழி சொன்னாள். கேலி செய்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் அவளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருமா என்று நினைப்பீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், மறுக்கவில்லை. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் உடம்பை அளந்து அளந்து, ஆளைப் பார்த்ததும் குறை கண்டுபிடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அவளிடமும் கண்டுபிடித்திருக்கிறேன். சமையலில் உப்பை அள்ளிப் போடுவாள், பேச்சைக் கிள்ளிப் போடுவாள்.

என் வீட்டுக்கு எதிரில்தான் அவர்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. சமையல்கட்டின் பின்கதவைத் திறந்தால் நிலம். சமமான நிலம் இல்லை, கதவடியிலிருந்து ஏறி மேலே வேலி வரைக்கும் போகும் சரிவு. கீழே ஒரு பக்கமாக ஓடை. அப்பா அதில் மக்காச்சோளம் போட்டார், அவருக்குப் பிறகு தம்பி போட்டான். ஒவ்வொரு வருஷமும் உழுது புரட்டி வைத்த மண்ணை மழை வந்து வாரிக்கொண்டு போகும். கதிர் சிறுத்துக்கொண்டே வந்தது. மேல்பக்கம் கல் தலைகாட்டியது. வேலியோரத்து மரத்தின் வேர்கள் வெளியே வந்துவிட்டன. "நம்ம நிலத்துக்கு வயசாயிடுச்சுக்கா" என்றான் தம்பி.

அவள் வழி வேறு. மழை விட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போவாள். அங்கே வண்டலாக ஒதுங்கிக் கிடக்கும் எங்கள் மண்ணை வழித்து அள்ளி, தலையில் சுமந்து, சரிவு ஏறி மேலே கொண்டுபோய்க் கொட்டுவாள். அடுத்த மழைக்கு அது மறுபடி கீழே வரும். இவள் மறுபடி கூடையை எடுப்பாள்.

"ஏண்டி, மழையோட போட்டியா?" என்று கேட்டேன்.

"நம்ம மண்ணு அண்ணி. போனாப் போகட்டும்னு விட்டுட முடியுமா?" என்றாள்.

கதிர் விற்ற காசில் வீட்டையும் ஓட்டி, பெண்ணையும் நகரத்து விடுதியில் வைத்துப் படிக்கவைக்க முடியாது என்று தெரிந்தபோது தம்பி கடல் தாண்டிப் போனான். கப்பல் பழுது பார்க்கும் தளம் ஒன்றில் வெல்டர் வேலை. போவதற்கு முன் நிலத்தை அவள் பேருக்கு எழுதி வைத்தான். "நான் இல்லாதப்போ ஒரு கையெழுத்துக்காக நீ அலையக் கூடாது" என்றான். பஸ் நிறுத்தத்தில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அவள், "போயிட்டு வாங்க" என்று இரண்டே வார்த்தையில் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து பானை சட்டியை எல்லாம் இறக்கிக் கழுவத் தொடங்கினாள். கல் நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கொஞ்சம் சர்க்கரை கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வயல் வேலைக்குப் புருஷனின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொள்வது எல்லாரும் செய்வதுதான். இவள் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, தலை வாரி, அதற்குப் பிறகு அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் பொத்தானைக்கூடப் போட்டிருந்தாள், அவன் போடுகிற மாதிரியே. அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் வாசலோடு திரும்பிவிட்டேன். அன்று டீயைச் சர்க்கரை இல்லாமல்தான் குடித்தேன்.

வாரம் ஒரு முறை போன் வரும். அந்த நேரத்துக்கு நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பேச்சைக் கேட்டால் சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். "எப்படி இருக்க?" "நல்லா இருக்கேன். நீங்க?" "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்." பால் நிலையத்தில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது கை மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டோடு இருந்தபோதும் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு "நல்லா இருக்கேன்" என்றாள். அவனும் சளைத்தவன் இல்லை. வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் வீங்கி, இருட்டறையில் படுத்துக் கிடந்த வாரத்தில்கூட "இங்க ஒரு குறையும் இல்ல" என்றான். இரண்டு பேருக்கும் உண்மை பிறகு யார் மூலமாவது தெரிந்துவிடும். ஆனால் ஒருவரை ஒருவர் கேட்க மாட்டார்கள். நாளடைவில் ஒருவர் சொல்வதை மற்றவர் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்கப் பழகிவிட்டார்கள். "நல்லா இருக்கேன்" என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். "ரொம்ப நல்லா இருக்கேன்" என்றால் பயப்பட வேண்டும்.

அவன் போன அடுத்த வருஷம்தான் அரசாங்கத்தின் நிலப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டு ஒரு நில அலுவலர் விளக்கினார். மெலிந்த மனிதர், தொண்டையைச் செருமிச் செருமிப் பேசினார். மண் அரிக்கிற சரிவு நிலத்தை ஐந்து வருஷத்துக்கு உழாமல் விட வேண்டும். அவர்கள் கொடுக்கும் புல்விதையையும் பயறுவகை விதையையும் தூவி மூடிவைக்க வேண்டும். மாடு ஆடு விடக் கூடாது, கொளுத்தக் கூடாது, மருந்தடிக்கக் கூடாது. அப்படி விட்டால் அந்த நிலத்துக்கு வருஷா வருஷம் அரசாங்கம் பணம் கொடுக்கும்.

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "உழறதுக்குக் காசு குடுத்துப் பாத்திருக்கேன், உழாம இருக்கறதுக்குக் குடுக்கறாங்களாம். அப்ப நான் தூங்கறதுக்கும் குடுப்பாங்களா?" என்று எங்கள் தெரு டிராக்டர்காரர் கேட்டார். காதில் பூ சுற்றுகிறார்கள் என்று சொல்லி எல்லாரும் எழுந்து போனார்கள். கடைசி வரிசையிலிருந்து இவள் எழுந்து நின்றாள்.

"மண்ணு கீழ போகாதுங்களா?" என்று கேட்டாள்.

"போகாதும்மா."

"நிச்சயமா?"

"வேரு புடிச்சுக்கிச்சுன்னா போகாது."

காசு எவ்வளவு என்று அவள் கேட்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். மறுநாளே டிராக்டர்காரர் அந்தப் பெயரை வைத்தார்.

தரிசு என்று அவர்கள் சொன்னதை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். முதல் வருஷம் பார்க்கச் சகிக்கவில்லை என்பது உண்மைதான். இரண்டாவது வருஷம் புல் இடுப்பளவு வந்தது. இடையிடையே பயறுச் செடி ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது போய், அடியில் கூழாங்கல் தெரிய ஓடியது. கூடை மூலையில் கவிழ்ந்தே கிடந்தது. ஒரு நாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், புல்லை விலக்கி, "விரலை வைங்க அண்ணி" என்றாள். வைத்தேன். விரல் முழுசாக உள்ளே போனது. முன்பு கடப்பாரை கேட்ட இடம் அது.

காலையில் பால் நிலையத்தில் வேலை. வருகிற பாலைக் குவளையில் மொண்டு, அளவுக்குழாயை மிதக்கவிட்டு, கொழுப்புப் பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் கலந்து கொண்டுவருபவர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. சாயங்காலம் சரிவின் நாலு பக்கமும் ஒரு சுற்று. அடுத்தவர் ஆடு தலையை நீட்டினால் விரட்டுவாள். தன் சொந்தப் பசுவையே அதன் பக்கம் விடவில்லை. பசு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கே பரிதாபமாக இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை அந்த அலுவலர் வருவார். சதுரமான ஒரு கம்பிச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வீசி, அது விழுந்த இடத்தில் வெறும் மண் எவ்வளவு தெரிகிறது என்று குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு நிமிரும்போது முகம் மலர்ந்திருக்கும். மற்ற ஊர்க்காரர்களை வேனில் கூட்டிவந்து இவள் நிலத்தைக் காட்டியிருக்கிறார்.

இவள் மனதில் ஒரே ஒரு திட்டம்தான். அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். ஐந்து வருஷம் குறையில்லாமல் முடிந்துவிட்டால், அடுத்து நீண்ட கால ஒப்பந்தம். பணமும் கூடுதல். அதோடு பால் நிலையத்துச் சம்பளம். பெண்ணும் படிப்பை முடித்திருப்பாள். அப்போது தம்பி அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா அவரை வரச் சொல்லிடலாம் அண்ணி."

"இப்பவே சொல்லேண்டி. அவனும் ஆசையா இருப்பான்ல."

"சொல்லிட்டு, காசு வராமப் போச்சுன்னா? அவரை ரெண்டாவது தடவ அனுப்பற தெம்பு எனக்கில்ல."

அதனால் திட்டத்தைப் பற்றி மட்டும் போனில் சொன்னாள். வரச் சொல்லவில்லை. நிலத்தை உழாமல் விட்டிருப்பதையும் அதற்கு அரசாங்கம் பணம் தருவதையும் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னாள், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். போனைத் தூக்கிப் பிடித்து நிலத்தையே காட்டினாள். சின்னத் திரையில் காற்றில் ஆடுகிற காடாகத்தான் தெரிந்தது. "பாருங்க, எவ்ளோ நல்லா இருக்குன்னு" என்றாள். அந்தப் பக்கம் அவன் திரையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு அவன், "ம், ரொம்ப நல்லா இருக்கு" என்றான். ரொம்ப என்ற வார்த்தையை அப்போதே நான் கவனித்திருக்கலாம்.

லீவுக்குப் பதில் பணம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்ததால் தம்பி ஊர்ப்பக்கம் வராமலே வருஷங்கள் ஓடின. ஒப்பந்தத்தின் கடைசி வருஷம் தொடங்கிய பிறகு ஒரு மாத லீவில் வந்தான். தலை நரைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவனை நான் யாரோ என்று நினைத்தேன். அவள் நினைக்கவில்லை. பஸ் நிற்பதற்கு முன்பே அவன் இறங்கப்போகும் படிக்கு எதிரில் போய் நின்றுவிட்டாள். வழியெல்லாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பையை யார் தூக்குவது என்பதில் மட்டும் ஒரு சின்ன இழுபறி நடந்தது.

முதல் நாலைந்து நாள் அவள் வீட்டு வாசலில் நான் காலே வைக்கவில்லை. எனக்கும் நாகரிகம் தெரியும். பால் நிலையத்தில் அவள் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறாள் என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவளுக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒரு காலையில் தம்பி என் வீட்டுக்கு வந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"அக்கா, நிலத்தைப் பாத்தேன். அவ தனியா எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கா. உழ ஆள் கெடைக்காம, கேக்க நாதியில்லாம அப்படியே விட்டிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"டேய், அது வேணும்னுதான் விட்டிருக்கு. அதுக்குக் காசு வருதுடா."

"உழாம இருக்கறதுக்கு எவன்க்கா காசு குடுப்பான்? நீயும் அவளோட சேந்துக்கிட்டு எனக்குச் சமாதானம் சொல்ற. தெரு முழுக்க அவளைத் தரிசுக்காரின்னு கூப்பிடறாங்க. என் காதாலயே கேட்டேன்."

"போய் அவளையே கேளு."

"கேட்டா என்ன சொல்லுவா? நல்லா இருக்குன்னுவா" என்றான்.

அடுத்த வாரம் பால் நிலையத்துக்காரர்களுக்கு நகரத்தில் ஒரு நாள் பயிற்சி. அவள் காலை பஸ்ஸில் போனாள். நான் என் கடைக்குப் போனேன். எங்கள் தெரு டிராக்டர்காரரிடம் கேட்டிருந்தால் அவராவது சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லியிருப்பார். கேலி செய்த ஆளிடம் போய் நிற்க இவனுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வாடகைக்கு ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து, ஓட்டுபவரை இறக்கிவிட்டு, தானே ஏறி உட்கார்ந்து உழுதான். ஒரு மூலை விடாமல் உழுதான். சரிவின் குறுக்கே, கோடு பிசகாமல், அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி. மேலே கல் கிடந்த இடத்தில் இறங்கிக் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு உழுதான். முடித்து, குளித்து, சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அவள் வருகிற பஸ்ஸுக்குக் காத்து நின்றான்.

நானும் கடையை மூடிவிட்டு அந்த நேரத்துக்குத்தான் வந்தேன். அவன் முகத்தில் அப்படி ஒரு களை. "அக்கா, நீயும் வா" என்றான். அவளை வீட்டுக்குள் விடாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகவே பின்பக்கம் கூட்டிப்போனான். நான் பின்னால் போனேன்.

புதிதாக உழுத மண் வாசனை சந்திலேயே வந்துவிட்டது. சரிவு முழுக்கக் கறுப்பாக, மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு பச்சை இல்லாமல் கிடந்தது. வேரோடு புரண்ட புல் மண்கட்டிகளுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது.

அவள் கைப்பையோடு நின்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். வெயிலில் கறுத்த முகம், கையில் கொப்புளம், பாராட்டை எதிர்பார்க்கிற கண். அவற்றையெல்லாம் பார்த்தாள்.

"நல்லா உழுதிருக்கீங்க" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

அவன் முகம் மாறிவிட்டது. அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

இதற்கு மேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை. அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். ஐந்து வருஷம், அலுவலர், வேன், அடுத்த ஒப்பந்தம், அவனை வரவழைக்க அவள் வைத்திருந்த திட்டம், எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கேட்கக் கேட்க உழுத மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான், நல்ல சட்டையோடு.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று அவளைக் கேட்டான்.

"சொன்னேனே. நிலத்தையே காட்டினேனே."

"கை உடைஞ்சப்பவும் நல்லா இருக்குன்னுதான சொன்ன? இது நெஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது ஒண்ணுதாங்க நெஜமா நல்லா இருந்துச்சு" என்றாள்.

அலுவலர் வருவதற்குள் அவள் சும்மா இருக்கவில்லை. புரண்ட வேர்களில் உயிர் இருந்தவற்றைப் பொறுக்கித் திரும்ப நட்டாள். அவனும் கூடவே நட்டான். இரண்டு பேரும் ஒரே சரிவில், ஒரு கை தூரத்தில், காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்திருந்தார்கள். வயிறு எரிந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர்கள் இரண்டு பேரையும் அந்த நிலத்தில் சேர்த்துப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. நட்டதில் பாதி காய்ந்து போனது.

அலுவலர் வழக்கம்போல் கம்பிச் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரித்த முகமாகச் சந்துக்குள் நுழைந்தார். நிலத்தைப் பார்த்ததும் சட்டத்தை இறக்கிக் கீழே வைத்தார். அதை வீசவே இல்லை. தொண்டையைச் செருமினார்.

"என்னம்மா இது?"

அவர் நல்ல மனிதர். தானாகவே வழி தேடினார்.

"விதி ரெண்டு விதமா இருக்கும்மா. நிலத்துக்காரங்களோ, அவங்க குடும்பத்துல கூட இருக்கறவங்களோ உழுதா, ஒப்பந்தம் அதோட ரத்து. இதுவரைக்கும் வாங்கினதையும் திருப்பிக் கட்டணும். வெளியாள் யாராவது உங்களுக்குத் தெரியாம உழுதுட்டா அது உங்க தப்பில்ல. மறுபடி விதைக்கணும், ஒரு வருஷம் கூடும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் பழையபடி." நிறுத்தி, அவளையே பார்த்தார். "யாராவது வெளியாள் வந்து ஓட்டிட்டாங்களா?"

தம்பி முன்னால் வந்தான். "நான்தாங்க ஓட்டினேன்."

"நீங்க?"

"இவங்க வீட்டுக்காரர்" என்றேன் நான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வீட்டுக்காரர்னாலும் நான் இங்க குடியிருக்கலீங்க" என்றான் தம்பி. "வருஷக்கணக்கா வெளிநாட்டுலதான் இருக்கேன். நிலமும் என் பேர்ல இல்ல. இங்க என் பேர்ல ஒண்ணுமே இல்ல. பாஸ்போர்ட் காட்டறேன், விசா காட்டறேன். சும்மா வந்தவன், அவங்க ஊர்ல இல்லாத நாள் பாத்து, அவங்களைக் கேக்காம ஓட்டிட்டேன். அவங்களுக்கு எதுவும் தெரியாது." இதைச் சொல்லும்போது அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "என்னை வெளியாள்னே எழுதிக்கோங்க."

அலுவலருக்கு மூச்சு வந்தது. "அப்ப சரி. அப்படி எழுதலாம், தப்பில்ல. உண்மையும் அதுதான." பேனாவை எடுத்தார். "அம்மா, நிலம் உங்க பேர்ல இருக்கறதால நீங்க உங்க வாயால சொல்லணும். உங்க வீட்டுக்காரர் இந்த வீட்ல இல்ல. அவ்வளவுதான். அதைச் சொல்லிட்டாப் போதும்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஒரு வருஷம்தான் கூடுகிறது, அது போனால் போகிறது. அவள் கட்டிவைத்த கோட்டை இடியவில்லை. சொல்லுடி, சொல்லித் தொலை என்று கண்ணாலேயே அவளை விரட்டினேன்.

அவள் சொல்லவில்லை. ஓடைப் பக்கம் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். பிறகு, கையில் மண்ணோடு, அடுத்தவர் வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஒதுங்கி நின்ற என் தம்பியைப் பார்த்தாள்.

"இருக்காரு" என்றாள்.

"அம்மா..."

"இந்த வீட்லதான் இருக்காரு. எழுதிக்கோங்க."

"நீ சும்மா இரு" என்றான் தம்பி. "சார், அவ ஏதோ தெரியாம சொல்றா."

"தெரிஞ்சுதான் சொல்றேன்." அவள் குரல் உயரவில்லை. அலுவலரைப் பார்த்தே பேசினாள். "கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர்ல இருந்து, என் பொண்ணு ஸ்கூல் டீச்சர் வரைக்கும், வீட்டுக்காரர் இருக்காரான்னு கேக்காதவங்க இல்ல சார். எல்லார்கிட்டயும் இல்ல, இல்லன்னு சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. இன்னிக்கு ஆளு எதிர்ல நிக்கிறாரு. இன்னிக்கும் இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா?"

அலுவலர் பேனாவை வைத்துக்கொண்டு மறுபடி ஒரு முறை நிலத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார். எனக்குக் கண் மறைத்துவிட்டது. அவள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரே வார்த்தையில் போட்டு உடைக்கிறாளே, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைத்தேன். இன்றைக்கும் அதைப் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டால், தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

ஒப்பந்தம் ரத்தானது. வாங்கியதைக் கட்ட வேண்டும் என்று ஆனதும் வேறு வழி இல்லை. தம்பி மறுபடி கிளம்பினான். முன்பு இருந்ததைவிட நீண்ட காலத்துக்கு வேலை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தான். அவள் நிலத்தை விற்கவும் இல்லை, குத்தகைக்கு விடவும் இல்லை. காசு தர யாரும் இல்லாமலே, மீதமிருந்த புல்விதையைத் தூவி வைத்திருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் அன்று கூட்டம். பால் நிலையத்துக்காரர்கள், டிராக்டர்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள். இவள் எப்போதும்போல் இரண்டு வார்த்தையில் அனுப்பிவிடுவாள் என்று நினைத்து நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பஸ் வந்தது. தம்பி பையில் கை வைத்தான். அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"போகாதீங்க" என்றாள்.

மெதுவாகச் சொல்லவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. தம்பி பையிலிருந்து கையை எடுத்தான். கண்டக்டர் விசில் ஊதாமல் நின்றார்.

"போகாதீங்க" என்று இன்னொரு முறை சொன்னாள். சொல்லிக்கொண்டே குனிந்து பையைத் தூக்கி, தானே படியேறி, அவனுக்கு ஜன்னலோரமாக ஒரு இடம் பார்த்து வைத்துவிட்டு இறங்கினாள்.